நாற்பத்தேழாம் எண்ணுக்குப் பெயர் இல்லை

என் தங்கை ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். இதை யாரிடம் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி, "டிவியில காட்டுவாங்களா?" என்பதுதான். ஆண்கள் ஆட்டம் என்றால் காட்டுவார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு லீக்கின் இணையதளத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அதில் படம் கிடையாது. இரண்டு அணிகளின் பெயர், ஒவ்வொரு அணிக்கும் பன்னிரண்டு பெண்கள், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எத்தனை நிமிடம் ஆடினாள், எத்தனை பாயிண்ட், எத்தனை ரீபவுண்ட், எத்தனை ஃபவுல் என்று கட்டம் கட்டமாக எண்கள். மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்ப்பதையெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் தட்டினால் இங்கே எங்கள் போனில் எண் மாறும். வடக்கே இருக்கும் ஒரு நகரத்து அணிக்காக அவள் ஆடிய முதல் வருடம் முழுக்க அவளை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

அம்மாவும் அப்பாவும் அதைக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் இருப்பது கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அங்கே போன் பேசலாம். கீழே கம்பத்தில் நிற்கும் டவர் அந்த அளவுக்குக் கை கொடுக்கும். இணையம் என்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கல்யாணமாகி வந்தது கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில், மாந்தோப்பை ஒட்டிய வீட்டுக்கு. இங்கே ரேஞ்சுக்குக் குறையில்லை. அதனால் ஆட்டம் இருக்கும் நாட்களில் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைப்பேன். கணவரின் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மாறும் எண்களை வாசித்துக்கொண்டே போவேன்.

ஆரம்பத்தில் அப்பா பாயிண்ட் மட்டும்தான் கேட்டார். தங்கைக்கு அது அதிகம் இருக்காது. அவள் வேலை கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்டுவது. ரீபவுண்ட் என்றால் என்ன என்று ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். எறிந்து உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்தை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒன்று என்று சொன்னேன்.

"அப்ப அடுத்தவ தப்பவிட்டதுக்கு நம்ம புள்ளைக்கு மார்க்கா?" என்றார்.

"தப்பவிட்டத யாராவது பிடிக்கணும்லப்பா."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து முதலில் அதைத்தான் கேட்பார். பிளஸ் மைனஸ் என்று ஒரு கட்டம் உண்டு. அவள் உள்ளே நின்ற நேரத்தில் அணி எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்ற கணக்கு. அதை விளக்கியபோது, "கூட நாலு பேரு நிக்காளுவ. அவளுவ செஞ்சதயும் இவ தலையில ஏன் எழுதணும்? அத நீ வாசிக்காத" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் வாசித்ததில்லை. அம்மாவுக்கு எண்ணே வேண்டாம். "உள்ள நிக்காளா, வெளிய உக்காந்திருக்காளா?" என்பதுதான் அவள் கேள்வி.

நானும் ஆடியவள்தான். மலையாளப் பள்ளி ஒன்றின் விடுதியில் தொடங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் பாலக்காட்டுக் கல்லூரிக்கு வந்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு ஆட்டத்தில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. ஆபரேஷன் ஆனது. நடக்கலாம், மாடி ஏறலாம், ஓடித் திரும்ப முடியாது. அப்போது தங்கை அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். என் ஷூவைப் போட்டுப் பார்த்தாள். அதற்குள் அவள் கால் என்னைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

நான் சொல்ல வந்த ஆட்டம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதத்தில் சும்மா இருக்காது. மா பூத்திருந்த நேரம். கணவர் ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். அவர் அம்மா, என் அத்தை, முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அப்பாவின் இருமல் கேட்டது. அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். கோயிலுக்குப் போய்வந்து சமையலும் முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

எதிரணி பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி. தங்கை வழக்கம்போல் பெஞ்சிலிருந்து இறங்கினாள். முதல் பாதியில் அவ்வளவாக ஒன்றுமில்லை, சில ரீபவுண்ட், ஒரு கூடை, இரண்டு ஃபவுல். வாசித்தேன். நாலு குவார்ட்டரில் மூன்றாவது தொடங்கும்போது அவளை முதல் ஐந்து பேரில் இறக்கியிருந்தார்கள்.

"இப்ப ஆரம்பத்துலயே நிக்கிறாப்பா" என்றேன்.

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பெயருக்கு நேரே நிமிடம் நின்றுபோனது. மற்றவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஆட்டத்தின் போக்கை வரிசையாகப் போடும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆட்டம் நிறுத்தம் என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஒன்பதாம் எண் வெளியே, வேறொரு பெண் உள்ளே. ஒன்பது என்பது தங்கையின் எண். யார் பெயரிலும் புதிதாக ஃபவுல் ஏறவில்லை.

"என்ன செய்யுதா?" என்றார் அப்பா.

"வெளிய வந்துட்டா."

"ஃபவுலா?"

"இல்ல."

"பொறவு ஏன்? இப்பதான எறங்குனா?"

"தெரியலப்பா."

அம்மாவின் குரல் கிட்டே வந்தது. "விழுந்துட்டாளா?"

"அதெல்லாம் இதுல வராதும்மா."

"அந்த ஆளு எத்தனையோ எழுதுதான். விழுந்தா எழுதறதுக்கு ஒரு கட்டம் வைக்கக் கூடாதா?"

என் முழங்கால் போன அன்றும் மேசையில் கணக்கு எழுதியவர் போட்டது ஒரே ஒரு வரிதான், நான் வெளியே, இன்னொருத்தி உள்ளே. அந்த வரியை மட்டும் பார்ப்பவருக்கு, மூச்சு வாங்கி ஓய்வுக்குப் போனவளுக்கும் தூக்கிக்கொண்டு போகப்பட்டவளுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கையின் போனுக்கு அடித்துப் பார்க்கலாம் என்று கணவர் சொன்னார். ஆட்ட நேரத்தில் போனெல்லாம் பையில் பூட்டிக் கிடக்கும். அடித்துப் பயனில்லை என்று தெரிந்தும் அத்தையின் போனை வாங்கி ஒருமுறை அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

மூன்றாவது குவார்ட்டர் முடிந்தது. அவள் நிமிடம் அசையவில்லை. நான் ஸ்கோரை மட்டும் வாசித்தேன். பின்தங்கிக்கொண்டிருந்தோம்.

கடைசிக் குவார்ட்டரில் எங்கள் அணியின் பட்டியலுக்கு அடியில் ஒரு புது வரி வந்து நின்றது. எண் நாற்பத்தேழு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. புதிதாக ஒரு பெண்ணை இறக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பத்தேழு உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ரீபவுண்ட். நாங்கள் எறியும் கூடைக்கு அடியில் பிடித்தது. பிடித்த கையோடு இரண்டு பாயிண்ட். அடுத்து இன்னொரு கூடை. பிறகு நாற்பத்தேழின் மேல் எதிரணிப் பெண் ஃபவுல் செய்ததால் அவளுக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் இரண்டு எறி. முதலாவது தவறியது. இரண்டாவது விழுந்தது.

வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன்.

எங்கே நின்று எறிந்தார்கள் என்று புள்ளி வைத்துக் காட்டும் ஒரு படம் அந்தப் பக்கத்தில் உண்டு. அதைத் திறந்து நாற்பத்தேழை மட்டும் காட்டச் சொன்னேன். இரண்டு புள்ளிகளும் கூடைக்கு இடதுபுறம், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. தங்கை இடதுகைக்காரி. வலதுபுறம் தள்ளிவிட்டாலும் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்துதான் எறிவாள். ஃப்ரீ த்ரோவில் முதல் எறி தவறுவதும் பள்ளிக் காலத்திலிருந்து அவளுக்கு உள்ள வியாதி.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

போனை அவர் பக்கம் திருப்பினேன். "இது அவ மாதிரி இருக்கு."

அவர் நாற்பத்தேழைப் பார்த்தார். "உன்ற தங்கச்சி ஒம்பதுல்ல?"

"ஆமா."

"அப்ப இது வேற புள்ளையா இருக்கும். ஆசப்பட்டுட்டுப் பாத்தா எல்லாம் அப்படித்தான் தெரியும்." சொல்லிவிட்டுப் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மாங்காய்க் கிரேட் எண்ணுகிற பழக்கத்தில் உதடு அசைந்தது. "ஏனு, ஒரு டீமுக்குப் பன்னண்டு பேருக்கு மேல எழுத மாட்டாங்கன்னு சொன்னீல்ல? இங்க பதிமூணு இருக்குது."

நானும் எண்ணினேன். பதின்மூன்று. ஆட்டத்துக்கு முன் கொடுத்த பன்னிரண்டு பேரைத் தவிர யாரும் இறங்க முடியாது. அப்படியென்றால் அந்தப் பன்னிரண்டில் யாரோ ஒருத்தி இரண்டு வரியில் இருக்கிறாள். சட்டையில் ரத்தம் பட்டால் அதோடு ஆட விடமாட்டார்கள், மாற்றுச் சட்டை கொடுப்பார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாற்றுச் சட்டையில் வேறு எண் இருக்கும்.

ரத்தம் என்று நினைத்ததும் சந்தோஷம் பாதியானது.

"ஏ பெரியவளே, லைன்ல இருக்கியா?" என்றார் அப்பா.

"இருக்கேன். அப்பா, நாப்பத்தேழுன்னு ஒரு நம்பர் வந்திருக்கு. பேரு போடல. அது சின்னவளா இருக்கும்னு நான் நினைக்கிறேன்."

"நீ நினைக்கிறதச் சொல்லாத தாயி. அதுல என்ன இருக்கோ அதச் சொல்லு."

அவர் சொன்னது சரியென்று பட்டது. அதன் பிறகு இருப்பதை மட்டும் சொன்னேன். நாற்பத்தேழு, ரீபவுண்ட். நாற்பத்தேழு, இரண்டு பாயிண்ட், இடப்பக்கத்திலிருந்து. நாற்பத்தேழு, ஃபவுல். இடப்பக்கம் என்று சொன்னபோது அம்மா ஏதோ முணுமுணுத்தாள். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அந்த இடது கையைத் தட்டித் தட்டி அலுத்தவள் அவள். அத்தை மொச்சையை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, அது அந்தப் புள்ளதானுங்களா?"

"தெரியலைங்கத்தை. இருக்கலாமுங்க."

ஆட்டம் முடியச் சில நொடிகள். நாங்கள் இரண்டு பாயிண்ட் பின்னால். நாற்பத்தேழுக்கு மறுபடியும் ஃப்ரீ த்ரோ, இரண்டு எறி. இரண்டும் விழுந்தால் சமம். நான் வாசித்தேன். அப்பா, "போடட்டும்" என்று மட்டும் சொன்னார். எண் மாறக் காத்திருந்தோம். மாறவில்லை. தவறியது என்று வரி வந்தது. பிறகு ஒன்று ஏறியது. அதோடு முடிந்தது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

"மொத எறி போச்சா?" என்றார் அப்பா.

"போச்சு. ரெண்டாவது விழுந்துச்சு."

"அப்ப அது அவதான்" என்றாள் அம்மா. குரலில் துளிகூடச் சந்தேகம் இல்லை. "தப்பவிட்டா விடட்டும். கையும் காலும் நல்லாருந்தாத்தான கோட்டுல போயி நிக்க முடியும்."

தோற்ற ஆட்டத்துக்கு எங்கள் வீட்டில் அன்று டீ போட்டுக் குடித்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தங்கை அழைத்தாள். ஜலதோஷம் பிடித்தவள்போல் குரல். "அக்கா, மூக்குல இடிச்சுட்டா. வேணும்னு இல்ல, திரும்புறப்ப முழங்கை பட்டுருச்சு. ஒடஞ்சிருக்கும்ங்குறாங்க. நாளைக்கு ஸ்கேன். கொழப்பமில்ல, பயப்படாத, பஞ்சு வெச்சுத்தான் ஆடுனேன்."

"ஒடஞ்ச மூக்கோட எதுக்குடி திரும்ப எறங்குன?"

"ரத்தம் நின்னுருச்சே." பிறகு, "தோத்தது என்னாலதான், பாத்தியா?" என்றாள்.

"பாத்தோம்" என்றேன். அப்பா அம்மாவுக்கு உடனே பேசச் சொன்னேன். அவளே பேசினால்தான் அங்கே ராத்திரிக்கு அடுப்பு எரியும்.

எலும்பு உடைந்துதான் இருந்தது. நேராக்கிப் பிளாஸ்டர் போட்டார்கள். இரண்டு வாரம் ஆடக் கூடாது. அந்த இரண்டு வாரத்தில்தான் இன்னொரு சிக்கல் தெரிய வந்தது. இணையதளத்தில் அந்த ஆட்டம் அப்படியே கிடந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு கூடை. பெயரில்லாத நாற்பத்தேழுக்கு மீதியெல்லாம். அன்றைய ஆட்டத்தில் அதிக ரீபவுண்ட் எடுத்தவர்கள் பட்டியலில் அந்தக் கோடு இரண்டாவதாக நின்றது. தங்கை அதைப் படமெடுத்து அனுப்பி, "இவ யாரோ, என்னவிட நல்லா வெளையாடுறா" என்று எழுதியிருந்தாள். ஆனால் சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் பார்ப்பது சராசரியை. பெஞ்சில் இருந்து வருகிறவளுக்கு இப்படி ஓர் ஆட்டம் வருவதே அபூர்வம். அது அவள் பெயரில் இல்லாமல் போனால் நஷ்டம் அவளுக்குத்தான்.

அணி மேலாளர் லீக்குக்கு எழுதினார். ஆட்டம் முடிந்து கணக்கு மூடியாகிவிட்டது, மாற்ற வேண்டுமென்றால் வீடியோ வேண்டும் என்று பதில் வந்தது. பெண்கள் ஆட்டத்தை யார் வீடியோ எடுத்தார்கள்? அவர் மறுபடி எழுதினார். லேப்டாப்பில் தட்டியவரைக் கேட்டால், எனக்குச் சட்டை மாறியதை யாரும் சொல்லவில்லை, கண்ணில் பட்ட எண்ணைப் போட்டேன் என்றாராம். அவர் பேரிலும் குற்றமில்லை. தங்கை விட்டுவிடலாம் என்றாள்.

வழி திறந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. தங்கையின் மூக்கை இடித்த பெண், மறுநாளே எங்கிருந்தோ எண் வாங்கிப் பேசி மன்னிப்புக் கேட்டிருந்தாள். அரியானாக்காரி. தங்கைக்கு அரைகுறை ஹிந்தி. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவுதான். ஆனாலும் தினமும் மூக்கு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் இந்த விஷயம் தெரிந்ததும் தன் அணி மேலாளரிடம் போயிருக்கிறாள். நாற்பத்தேழாக வந்தது அவள்தான், கடைசிவரை அவளை மறித்து நின்றவள் நான், மூக்கில் பஞ்சு இருந்தது, எனக்குத் தெரியாதா என்று சொல்லியிருக்கிறாள். ஜெயித்த அணியே எழுதிக் கொடுத்த பிறகு லீக்குக்குத் தயங்க ஒன்றுமில்லை. இரண்டு வரியையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கும்போது ஒரு அசிஸ்ட், அதாவது கூடை போட்டவளுக்குப் பந்து கொடுத்த கணக்கு, காணாமல் போனது. அதற்காக யாரும் மறுபடி லீக்குக்கு எழுதவில்லை.

ஓய்வு நாட்களில் தங்கை ரயிலேறிப் பாலக்காட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் எங்களோடு இருந்தாள். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று சுற்றி, தேனி வழியாகக் கம்பம் போய், மலையேறி அவளை லயத்தில் விட்டோம். அம்மா அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய், தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அப்பா எப்படி நடந்தது என்று கேட்டார். தங்கை அவரை முற்றத்தில் நிற்க வைத்து, "நீங்கதான் நான். கைய மேல தூக்குங்க" என்று சொல்லி, தான் அந்தப் பெண்ணாகித் திரும்பிக் காட்டினாள். அவர் நிஜமாகவே பின்வாங்கினார். ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலையாட்கள் இரண்டு பேர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வேற சட்டையப் போட்டுக்கிட்டு உள்ள போனியே, அது எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"நல்லாருந்துச்சுக்கா. ஒம்பதப் பிடி, ஒம்பதப் பிடின்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. நாப்பத்தேழு யாருன்னு கொஞ்ச நேரம் ஒருத்திக்கும் தெரியல. சும்மா விட்டுட்டாங்க. அந்தக் கேப்புலதான் ரெண்டு போட்டேன்."

அப்பா வெகுநேரம் சிரித்தார்.

சீசனின் கடைசிக் கட்ட ஆட்டம் ஒன்று கோயம்புத்தூரில் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. முதல்நாளே அம்மாவும் அப்பாவும் கொல்லங்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தையும் கிளம்பினார். மாம்பழ வேலை தலைக்கு மேல் இருந்தும் கணவர் வண்டி எடுத்தார். தொழில்முறை ஆட்டம் ஒன்றை நேரில் பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் அதுதான் முதல் தடவை. தங்கை முகத்தில் கண்ணாடிபோல் ஒரு பாதுகாப்புக் கவசம் மாட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அதைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். அன்று அவளை அதிகம் இறக்கவில்லை. இறங்கிய நேரத்தில் நன்றாகவே ஆடினாள். அணி ஜெயித்தது. ஒரு பந்து எங்கள் வரிசைக்கு உருண்டு வந்தபோது அத்தை அதை இரண்டு கையாலும் எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து குளித்துவிட்டுப் பையோடு வந்தாள். அணியின் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் எல்லாரும் பரோட்டா சாப்பிட்டோம். அவள் நாங்கள் மூன்று பேர் சாப்பிடுவதைத் தனியாகச் சாப்பிட்டாள். அடுத்த வருடத்துக்கும் இதே அணியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியை நடுவில் சாதாரணமாகச் சொன்னாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்தார்.

"சத்தம் ஜாஸ்தி" என்றார். "அந்த ஷூ தரையில ஒரசுற சத்தம், நீங்க ஒருத்திக்கொருத்தி கத்துறது. நீ இவ்வளவு கத்துவன்னு எனக்குத் தெரியாது."

"என்ன கத்துனேன்னு கேட்டுச்சா?"

"மலையாளத்துல ஏதோ சொன்ன. ஒன் கூட ஆடுறவளுக்கு வெளங்குச்சா?"

"இல்ல. ஆனா நான் எதுக்குக் கத்துனேனோ அத செஞ்சா" என்றாள் தங்கை. அம்மா தன் இலையில் இருந்த பாதிப் பரோட்டாவை அவள் இலைக்கு மாற்றினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வாயில் போட்டதை மென்றுகொண்டே பையைத் தோளில் மாட்டி எழுந்தாள்.